விசாரிக்கப் போன சோலி

என் மேசையின் வலது ஓரத்தில் ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. கட்டைவிரல் உயரம்தான். மூடியில் ஒரு மெல்லிய சங்கிலி, அதன் நுனியில் சுண்ணாம்பு எடுக்கிற சிறு கரண்டி. நான் வெற்றிலை போடுகிறவள் அல்ல. என் பல்லைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் மதுரையில் எங்கள் மாதர் சங்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் டப்பாவைப் பார்ப்பார்கள், அப்புறம் என் வாயைப் பார்ப்பார்கள், அப்புறம் மரியாதை கருதிப் பேச்சை வேறு பக்கம் திருப்புவார்கள். துணிந்து கேட்கிறவர்களிடம் "அம்மா வைத்திருந்தது" என்று சொல்லிவந்தேன். என் அம்மாவும் வெற்றிலை போட்டவள் அல்ல. இந்த அற்ப டப்பாவுக்காக இத்தனை வருஷம் பொய் சொன்னதற்குக் காரணம், உண்மையை ஆரம்பித்தால் அது டப்பாவோடு நிற்காது என்பதுதான். டப்பா என் மதினியினுடையது.

மதினி என்றால் அண்ணன் மனைவி. எனக்கு உடன்பிறந்த அண்ணன் கிடையாது. போடிநாயக்கனூரில் என் அப்பா சிறிய ஏலக்காய் மண்டி வைத்திருந்தார். மலையிலிருந்து பொதிமாட்டில் ஏலமூட்டை இறக்கிவருகிற, சிலமலை என்ற ஊர்க்காரர் ஒருவரை நான் பாவாடை கட்டிய நாளிலிருந்தே அண்ணே என்று கூப்பிட்டேன். அவருக்குக் கல்யாணம் ஆனதும் வந்தவள் மதினி ஆகிவிட்டாள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; அவர்கள் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் முறை வைத்துக் கூப்பிட அதெல்லாம் தடையில்லை. மதினி என்னைவிட மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். ஒல்லி, கறுப்பு, நடையில் மட்டும் மாட்டுக்கே மூச்சு வாங்கவைப்பாள். புருஷனோடு பொதிமாட்டுக்குப் பின்னால் ஏறி இறங்கி, போடிமெட்டுப் பாதையில் ஒவ்வொரு திருப்பமும் அவளுக்கு மனப்பாடம்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு வேலை வந்தது. அதுவரை பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்போது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதை நடத்திய வெள்ளைக்கார அம்மாளை மிஸ்ஸியம்மா என்போம். ஏலத்தோட்டத்து ஜனங்கள் மலைக்காய்ச்சல் முற்றி, கடைசி மூச்சோடுதான் கீழே வருகிறார்கள் என்பது அவர் கவலை. மேலே போய், குடும்பம் குடும்பமாகப் பார்த்து, யாரை இறக்கிக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு பெண் வேண்டும் என்றார். அதற்காக எனக்கு மூன்று மாதம் பாடம் நடத்தினார். சீமையிலிருந்து வந்த ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொல்வார். மனம் இளகிக் கையில் கிடைத்ததைத் தூக்கிக் கொடுப்பது உதவியாகாது. முதலில் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், கேட்க வேண்டும், எழுத வேண்டும், எழுதியதை யோசிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். இது ஒரு படிப்பு, நாளைக்கு வைத்தியம் போல, வக்கீல் தொழில் போல ஒரு தொழிலாக வரும் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையில் ஒரு நோட்டு கொடுத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதினான்கு கேள்விகள். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'தகுதி'.

என் உத்தியோகத்துக்குப் பெயர் விசாரிப்புக்காரி. எங்கள் சபையில் அது மரியாதையான சொல். நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபம் செய்து, கஞ்சி உண்டா என்று பார்த்துவருகிற மூப்பரை நாங்கள் விசாரிப்புக்காரர் என்போம். ஆயர் யாரையாவது 'என் விசாரிப்பில் இருக்கிறார்கள்' என்றால் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். நானும் அந்தப் பெயரை ஞாயிற்றுக்கிழமைச் சேலை மாதிரி உடுத்திக்கொண்டுதான் மலையேறினேன். பெண் தனியாகப் போக முடியாதே என்று மிஸ்ஸியம்மா ஒரு துணைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். நான் மதினியைக் கேட்டேன். "ஒங்களுக்கு என்ன சோலி டீச்சரம்மா அங்க?" என்றாள். விளக்கிச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நடக்குறதுதேன் சோலி. சரி, வர்றேன்" என்றாள்.

மலையடிவாரத்தில் முந்தல் என்ற ஊரில் ஏறத் தொடங்கினால் மெட்டை எட்டும்போது பொழுது சாய்ந்துவிடும். அப்போது ஏது மோட்டார். புரட்டாசி மழை பெய்து காடு ஊறிப்போயிருந்தது. மெட்டுக்கு மேலே சோலைக்குள் நுழைந்ததும் அட்டைகள் ஏறின. நான் கத்திக்கொண்டு கையால் பிய்க்கப் போனேன். மதினி என் கையைத் தட்டிவிட்டாள். இடுப்பிலிருந்து இந்த டப்பாவை எடுத்து, கரண்டி நுனியால் சுண்ணாம்பைத் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் வைத்தாள். தானாகச் சுருண்டு விழுந்தன. பிய்த்தால் புண்ணாகும் என்றாள். அவளும் அவ்வளவாக வெற்றிலை போடமாட்டாள். டப்பா அட்டைக்காகவே இருந்தது.

மறுநாள் காலை முதல் தோட்டத்துக்குப் போனோம். கூலிக்காரர்கள் தங்குகிற லயம், ஓலைக்கூரை போட்ட நீண்ட கொட்டகை, ஒரே வரிசையில் எட்டு அறைகள். மழைக்கு வேலை நிறுத்தியிருந்ததால் எல்லாரும் இருந்தார்கள். நான் முற்றத்தில் நின்று, பள்ளிக்கூடத்துக் குரலில், "உங்களையெல்லாம் விசாரிக்க வந்திருக்கேன்" என்றேன். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்ன மாத்திரத்தில் பேச்சு நின்றது. ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்ன பணிவு என்று எனக்குப் பூரிப்பு. அந்த வாரம் தோட்டத்து ஸ்டோரில் இரண்டு மூட்டை ஏலக்காய் காணாமல் போயிருந்ததும், போலீஸ் விசாரிக்க வரும் என்று கங்காணி மிரட்டிவைத்திருந்ததும் எனக்குத் தெரியாது. அந்த மலையில் விசாரிப்பது என்றால் கையைப் பின்னால் கட்டிக் கேட்பதுதான். நான் நோட்டை வேறு விரித்தேன்.

ஐந்தாவது அறையில் ஒரு சின்ன வயதுத் தாய். மடியில் மூன்று வயதுப் பெண்குழந்தை, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்று வாசலிலேயே தெரிந்தது. ஆனால் புத்தகம் சொல்லியிருந்தது, முதலில் கேள். கேட்டேன். புருஷன் செத்துப்போனான் என்றாள். நாலு கேள்வி தள்ளி, புருஷன் அரிசி வாங்கக் கீழே போயிருக்கிறான் என்றாள். ஊர் ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை வேறாகவும் வந்தது. பதினான்கும் முடிந்தபோது அவள் வாயில் ஈரமே இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை குறைவு. நான் எழுதிக்கொடுக்கும் சீட்டு இருந்தால்தான் மலைக்காரருக்கு இடம், அந்தப் பயணத்துக்கு என்னிடம் மூன்று சீட்டு இருந்தது. பொய் சொல்கிறவர்களுக்குச் செய்கிற உதவி வீணாகக் கரையும், காரியத்துக்கு ஆகாது என்று எனக்குப் பாடம். நான் கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். இதை எழுதும்போது இன்றைக்கும் என் கை கூசுகிறது.

மதினிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேனா எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஜனங்கள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில்தான், "அந்தப் புள்ளைக்குச் சீட்டு இல்லையா?" என்றாள்.

"அவ வாயத் தொறந்தா பொய்யா வருது மதினி."

"ஒங்களப் போலீசு அனுப்புன ஆளுன்னு நெனச்சிருக்கா. போலீசுகிட்ட யாரு உண்மையச் சொல்லுவா? நானே சொல்ல மாட்டேன்."

அவள் மூட்டை காணாமல் போன கதையைச் சொன்னாள். லயத்துப் பெண்கள் அவளிடம் காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் கங்காணியிடம் சொல்லாமல் வேறு தோட்டத்துக்கு வேலை தேடிப் போயிருக்கிறான், பழி அவன் மேல் விழப்போகிறது. "அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்று கோபப்பட்டேன். "டீச்சரம்மா பேசையில குறுக்க பேசலாமா, கூலிக்கு வந்தவ" என்றாள். குத்தலாகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காலையில் முதல் வேலையாகப் போய்ச் சீட்டைக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

காலையில் போனபோது ஐந்தாவது அறை காலியாக இருந்தது. விசாரணைக்குப் பயந்து விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டாள் என்றார் தலைத்துண்டுக் கிழவர். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது எனக்குச் சொல்வதாக இல்லை. மழை பிடித்துக்கொண்டது. அந்தக் குழந்தை அந்தக் காய்ச்சலோடு அந்தக் காட்டில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்த எனக்கு நன்றாகவே தெரியும். நான் அழத் தொடங்கினேன்.

மதினி என் அழுகையைக் கொஞ்சமும் பொருட்படுத்தவில்லை. "அந்த நோட்டைக் கொண்டாங்க. அவ சொன்னதப் படிங்க" என்றாள்.

"எல்லாம் பொய்யி."

"பொய்யா இருந்தாலும் படிங்க."

படித்தேன். பெயர், ஊர், புருஷன், வந்த வருஷம். ஒவ்வொன்றுக்கும் மதினி தலையை ஆட்டித் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது கேள்வி, பிரசவத்தில் பேறு பார்த்தது யார். மிஸ்ஸியம்மா கொடுத்த பதினான்கில் இது எதற்கென்று எனக்குப் புரியாத கேள்வி. பதில், 'சின்னாத்தா, பூப்பாறைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறாள்.'

"நில்லுங்க" என்றாள் மதினி. "இதுல எதுக்கு அவ பொய் சொல்லப்போறா? இதையெல்லாம் ஒருத்தி கேப்பான்னே அவ நெனச்சிருக்க மாட்டா. நெசம் தன்னப்போல வந்திருச்சு. பேறு பாத்த கைகிட்டதேன் பிள்ளையக் கொண்டு போவா. வெரசா வாங்க."

மேற்கே, மலையாளத்துப் பக்கம் இறங்குகிற பாதையில் நடந்தோம். நடந்தோம் என்பது பெரிய வார்த்தை. அவள் நடந்தாள், நான் வழுக்கிக்கொண்டே பின்னால் போனேன். பாதிவழியில், அங்கே போய் என்ன சொல்வது என்று கேட்டேன். விசாரிக்க வந்தேன் என்று சொல்லமுடியாது. வேறு எந்தச் சொல்லும் என்னிடம் இல்லை. மூன்று மாதப் படிப்பில் அந்த வேலைக்கு அந்த ஒரு பெயர்தான் கிடைத்திருந்தது. "பாக்க வந்தேன்னு சொல்லுங்க" என்றாள் மதினி. "மாமியா வீட்டுக்குப் பொறந்த வீட்டு ஆளு வந்தா என்ன சொல்லுவாக? பாக்க வந்தேன்னுதான?"

சின்னாத்தாளின் குடிசையைக் கண்டுபிடிக்க உச்சி வேளை தாண்டிவிட்டது. அவள் வாசல் படலைப் பிடித்துக்கொண்டு, "எந்தா, யாரு வேணும்?" என்று மலையாளமும் தமிழுமாக அதட்டினாள். உள்ளே அந்தத் தாய் என்னைப் பார்த்ததும் குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குப் பின்னால் வாசல் கிடையாது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இருட்டில் விழுந்தடித்து ஓடிவந்த கால்கள் முழங்கால்வரை அட்டை. குழந்தையை விட்டால்தானே காலைப் பார்க்க முடியும், அவள் பார்க்கவேயில்லை. ரத்தம் தரையில் சொட்டியது. மதினி டப்பாவை இடுப்பிலிருந்து எடுத்து, தரையில் உட்கார்ந்து, அவளுடைய வலது காலைப் பிடித்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, கரண்டியை நீட்டினாள். இடது கால் எனக்கு.

நான் நோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதுவரை வேறொருவர் காலை நான் தொட்டதில்லை. எத்தனை அட்டை என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசி அட்டை விழுந்தபோது அந்தக் கால் நடுங்குவது நின்றிருந்தது. நான் தலையைத் தூக்காமலே, "ஒன்னைய விசாரிக்க வரல ஆத்தா. பாக்க வந்தேன்" என்றேன். அவள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, குழந்தையை என் மடியில் வைத்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

கையிலிருந்த காய்ச்சல் மருந்து, கொய்னாவைக் கரைத்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். மெட்டில் ஒரு ராத்தங்கல், பிறகு போடி. மதினியும் அந்தத் தாயும் மாற்றி மாற்றிக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நான் நோட்டைச் சுமந்தேன். பதினோராம் நாள் காய்ச்சல் முழுதாக விட்டது. அந்தக் குழந்தை முதலில் கேட்டது கருவாடு. மிஸ்ஸியம்மா கூடாது என்றார். மதினி எப்படியோ கொண்டுவந்து ஊட்டிவிட்டாள். மூட்டை திருடியவன் பின்னால் பிடிபட்டான். அந்தத் தாயின் புருஷன் அல்ல.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இவ்வளவு நாள் சொல்லாதது. மிஸ்ஸியம்மா என்னிடம் நடந்ததை எழுதிக் கேட்டார். நான் அழகாக எழுதினேன். விசாரிப்புக்காரி தன் குறிப்புகளை நுணுகி ஆராய்ந்து ஒன்பதாம் கேள்வியிலிருந்து வழியைக் கண்டுபிடித்தாள் என்றும், அச்சத்தைப் போக்கத் தானே கீழே உட்கார்ந்து புண்ணைக் கவனித்தாள் என்றும் எழுதினேன். 'துணைக்கு ஒரு கூலியாள் சென்றிருந்தாள்' என்று ஒரு வரி. அது இங்கிலீஷில் பெயர்க்கப்பட்டு அச்சாகிப் பல ஊர்களுக்குப் போனது. மதுரையில் எனக்குக் கிடைத்த வேலையும் மரியாதையும் அந்த இரண்டு பக்கத்திலிருந்து வந்தவை. கூட்டங்களில் அதை இன்னும் எடுத்துச் சொல்கிறார்கள். விசாரிப்பு என்கிற கலைக்கு நான் உதாரணமாம்.

மதினியோடு அதற்கப்புறம் ஒன்பது வருஷம் மலையேறினேன். புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் வழியில் போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அந்தக் குழந்தை இல்லை. இது எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பிற்பாடு நான் அலுப்பில் ஒன்றிரண்டு கேள்வியைத் தாண்டினால் விடமாட்டாள். "பேறு பாத்தது யாருன்னு கேட்டீகளா? கேக்கல. கேளுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்வாள். அவளை அடக்க என்னால் ஆகாது. என்னைவிடக் கறாரான விசாரிப்புக்காரி அவள்தான். 'தகுதி' என்ற கட்டத்தை மட்டும் நாங்கள் நிரப்புவதை விட்டோம். மிஸ்ஸியம்மா இரண்டு தடவை கேட்டார், அப்புறம் அவரும் விட்டுவிட்டார். நான் மதுரைக்குப் போகிற காலத்தில், பாதையில் எங்கள் தலை தெரிந்தாலே லயத்துப் பிள்ளைகள் "விசாரிப்பு வருது, விசாரிப்பு வருது" என்று கூவிக்கொண்டு ஓடிவரும். எங்களை நோக்கி.

சில வருஷங்களுக்கு முன் மதினி உடம்பு முடியாமல் கிடக்கிறாள் என்று அண்ணன் ஆள் அனுப்பினார். அந்தப் பழைய ஆஸ்பத்திரிதான். மிஸ்ஸியம்மா சீமைக்குப் போய்விட்டார். வாசலில் ஒரு புது ரைட்டர் நோயாளிகள் பெயரைப் பதிகிற ஏட்டோடு உட்கார்ந்திருந்தார். எந்தப் படுக்கை என்று பார்க்கக் குனிந்தவள் மதினியின் வரியைப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்றிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரைக் கேட்டு இப்படி எழுதினீர் என்றேன். "கேட்டேம்மா. ஆளுகளப் பாக்குற சோலின்னாக. காச்ச வேகத்துல பேசுறாகன்னு நெனச்சேன்" என்றார் அவர். அவரை மேற்கொண்டு திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அதே சொல்லை என் அழகான கையெழுத்தில் நானே எழுதியிருக்கிறேனே.

உள்ளே மதினி இன்னும் சிறுத்துப்போய்க் கிடந்தாள். கண்ணில் மட்டும் பழைய கேலி. "விசாரிக்க வந்தீகளா, பாக்க வந்தீகளா?" என்றாள். நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த இரண்டு பக்கத்தில் என்ன எழுதினேன் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கு மனப்பாடம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எம்பேரு இருந்தா மட்டும் அந்தப் புள்ளைக்குக் காச்ச வெரசா எறங்கியிருக்குமா" என்றாள் கடைசியில். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "கூலின்னு போட்டிருக்க வேணாம் டீச்சரம்மா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொள்ள எனக்கு அவ்வளவு வருஷம் ஆயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, வெளியே ஏட்டில் திருத்திவிடவா என்று கேட்டேன். என்ன எழுதச் சொல்லட்டும் என்றேன். "ஒங்களுக்கு என்னன்னு போடுவாக?" என்றாள். சொன்னேன். அதையே எனக்கும் போடச் சொல்லுங்க என்றாள். "அந்தப் பேரக் கேட்டு முன்னாடி ஓடுனாக. இப்ப யாரு ஓடுறா?" நான் போய் ரைட்டரிடம் சொன்னேன். பதிந்ததைத் திருத்தக்கூடாது என்றார். அவரிடம் பேனாவை வாங்கி நானே 'கூலி'யை அடித்துவிட்டு மேலே 'விசாரிப்புக்காரி' என்று எழுதினேன். மூன்றாம் நாள் மதினி போய்விட்டாள். அண்ணன்தான் இந்த டப்பாவை என் கையில் கொடுத்தார்.

ஏட்டைத் திருத்திய நான் அந்த இரண்டு பக்கத்தைத் திருத்தவில்லை. கேட்டவர்களிடம் டப்பாவை அம்மாவுடையது என்று சொல்லித் தப்பித்துவந்தேன். போடிக்கு இப்போது ரயில் வந்துவிட்டது. மலைக்குப் போக என்னிடம் பழகப் புதுப்பெண் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், பட்டணத்தில் படித்தவள். அச்சான அந்த இரண்டு பக்கத்தை நேற்று எடுத்துவந்து, "இது நீங்கள்தானே அம்மா?" என்று கண் விரியக் கேட்டாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். ஆனால் பேச்சைத் திருப்பவில்லை. இது யாருடையது என்று கேட்டாள்.

சுண்ணாம்பு காயத் தொடங்கியிருந்தது. மதுரையில் அட்டை கிடையாது, ஆனாலும் வாரம் ஒருமுறை நான் தண்ணீர் விட்டுக் குழைத்துவைப்பேன். கரண்டியால் குழைத்துக்கொண்டே சொன்னேன், "எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த விசாரிப்புக்காரியுடையது. உட்கார், அந்த இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும்."